கிணற்றுக்குக் கணக்குப் பார்த்த மாரி

பழைய மாணவர் சங்க மலர்களில் அதிபர்களும் துடுப்பாட்ட வீரர்களும் வேண்டிய அளவு இடம் பிடித்துவிட்டார்கள். இம்முறை ஒரு பி.எச்.ஐ.க்கு, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, கொஞ்சம் இடம் தாருங்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் இடம்பெயர்ந்தது. செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் எங்கள் பாடசாலையில் தங்கினார்கள். வகுப்பறைக்கு நான்கைந்து குடும்பங்கள். எல்லோருக்கும் ஒரே கிணறு. மலசலகூடங்களோ மாணவருக்கே போதாதவை.

பி.எச்.ஐ. ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். வழக்கமாக அவர் தலை தெரிந்தால் தேநீர்க் கடைக்காரர் அவசரமாகக் கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பார். உயர்தரக் கணிதம் படித்த எங்களைக் கூப்பிட்டு, கல் கட்டிய கயிற்றைக் கிணற்றுக்குள் விடச் சொன்னார். "விட்டமும் ஆழமும் கிடைத்துவிட்டன. எத்தனை லீற்றர், தம்பி?" ஆயிரம் லீற்றருக்கு இரண்டரைக் கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது அவர் கணக்கு. அரசின் பொருளாதாரத் தடையைத் தாண்டி வந்த பவுடர். கரண்டியைத் தட்டிச் சமப்படுத்தித்தான் அளப்பார். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின், தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றுவோம். அதைக் கிணற்றில் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டவேண்டும். பிறகு ஒரு மணி நேரம் ஒருவரும் தண்ணீர் அள்ளக்கூடாது. தேநீர் மணக்கிறது என்று முறையிட்டவர்களிடம், "மணக்காத நாளில் வந்து சொல்லுங்கள்" என்றார்.

மலசலகூடக் குழி வெட்டுவதுதான் பெரும்பாடு. மணல் நிலம், மாரி வேறு தொடங்கியிருந்தது. இடுப்பளவு தோண்டுமுன் தண்ணீர் ஊறிக் கரை சரிந்தது. கடைசியில் அடி வெட்டிய தார்ப் பீப்பாய்களை இறக்கி, சுற்றிலும் மண்ணை உயர்த்தி, கிடுகால் மறைத்தோம். வேலை காட்டித் தந்தவர்கள் இரண்டு சுகாதாரத் தொழிலாளர்கள். அவர்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடிக்கச் சில வீட்டார் தங்கள் பிள்ளைகளை விடவில்லை. காரணத்தை யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மறுநாள் காலை அந்த வீட்டாரும் செம்போடு வரிசையில் நின்றார்கள்.

முகாமில் வயிற்றோட்டம் வராமல் இல்லை. ஜீவனி என்னும் உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுத்துச் சமாளித்தோம். கொள்ளைநோயாக அது பரவவில்லை. 1996 ஏப்ரலில் சனம் வலிகாமம் திரும்பத் தொடங்கியது.

பாடசாலைக்குப் புதிய மலசலகூடத் தொகுதி கட்டச் சங்கம் பணம் சேர்ப்பதாக அறிகிறேன். என் பங்கை அனுப்பிவிட்டேன். மைதானத்தின் தாழ்ந்த மூலையில் மட்டும் கட்டவேண்டாம். கார்த்திகையில் அங்கே தண்ணீர் எவ்வளவு உயரும் என்று எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.