ஏரி எங்கே முடிகிறது? ஜி.ஐ.எஸ். முதுகலை படித்த இரண்டு வருடங்கள்

மூன்று வருடம் ஒரு மேப்பிங் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். வெளிநாட்டு ஊர்களின் செயற்கைக்கோள் படங்கள் திரையில் வரும். கூரை, சாலை, வேலி என்று ஒவ்வொன்றையும் மௌஸால் கோடு இழுத்து டிஜிட்டைஸ் செய்ய வேண்டும். ஒரு ஷிஃப்ட்டுக்கு இத்தனை கட்டடம் என்று டார்கெட் உண்டு. கை சீக்கிரமே பழகிவிட்டது. ஆனால் உயரமான கட்டடத்தின் கூரை படத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிகிறதே, அப்படியானால் சுவர் தரையில் எங்கே நிற்கிறது என்று கேட்டால், "கைட்லைன்ல இருக்கிறபடி போடும்மா" என்பதுதான் பதில். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருடம் கோடு இழுக்க என்னால் முடியாது என்று தோன்றியது. 2022-ல் வேலையை விட்டேன். எம்.எஸ்சி. புவித்தகவலியலில் சேர்ந்தேன். ஜி.ஐ.எஸ். என்பது இதுதான், வரைபடங்களையும் இடம் சார்ந்த தரவையும் கம்ப்யூட்டரில் கையாளும் படிப்பு.

வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல பி.எஸ்சி. புவியியல். மற்றவர்கள் சிவில், ஜியாலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து வந்தவர்கள். கணக்கில் நாங்கள் திணறினோம், வரைபடத்தைப் படிப்பதில் அவர்கள் திணறினார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத்தான் முதல் செமஸ்டர் ஓடியது.

அந்த செமஸ்டரில் ஒரு நாள் எங்களைச் சென்னைப் பரங்கிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இந்தியாவையே அளந்த அந்தப் பெரிய முக்கோண அளவீட்டை ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் தொடங்கியது அங்கிருந்துதான், 1802 ஏப்ரல் 10-ம் தேதி. மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் தூரத்தை நூறடி எஃகுச் சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து அளந்திருக்கிறார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்திலேயே தெர்மாமீட்டர் வைத்து, வெப்பத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள். முடிக்க 57 நாள் ஆனதாம். எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். மலைமேல் நின்று தெற்கே பார்த்தபோது, அந்தக் கோடு எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் போயிருக்க வேண்டும் என்று தெரிந்தது. அன்று ராத்திரி அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

இந்தப் படிப்பில் சேர நினைக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எந்த சாஃப்ட்வேர் என்பதுதான். சாஃப்ட்வேர் பெரிய விஷயமே இல்லை. கியூஜிஐஎஸ் என்ற மேப் சாஃப்ட்வேர் இலவசம், இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் இலவசம், அதில் ஒரு பிக்சல் 10 மீட்டர். பைத்தான் கொஞ்சமாவது கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. டேட்டம் (பூமியின் வடிவத்தையும் மையத்தையும் எப்படி வைத்துக்கொண்டு இடத்தை அளக்கிறோம் என்பது), புரொஜெக்‌ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் முறை) என்று முதல் செமஸ்டரிலேயே வந்துவிடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு நானும் அதைக் கடந்து வந்தேன். அது பிற்பாடு என்னை என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

புராஜெக்ட்டுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதைச் சுற்றியுள்ள ஏரிகளையும் எடுத்துக்கொண்டேன். அந்த 2022-ல்தான் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்திருந்தது. பக்கத்தில் இருக்கிறது, நடந்தே போய்ப் பார்க்கலாம் என்பது இன்னொரு காரணம். பழைய ஏரிகளின் எல்லையை டோப்போஷீட் என்னும் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாளிலிருந்து எடுத்து, இன்றைய படத்தின்மேல் வைத்து, எவ்வளவு நிலம் போயிருக்கிறது என்று கணக்கிடுவது திட்டம். துறை நூலகத்தில் எங்கள் பகுதிக்கான 66 டி/1 தாளின் பழைய பதிப்பு இருந்தது. ஸ்கேன் செய்து, ஓரத்தில் அச்சிட்டிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்து ஜியோரெஃபரன்ஸ் செய்தேன், அதாவது படத்தைப் பூமியில் அதற்குரிய இடத்தில் பொருத்தினேன். பிழை எண் சின்னதாக வந்தது. சந்தோஷமாக ஏரிகளை வரைந்து, உள்ளே விழுந்த வீடுகளை எண்ணினேன். எங்கள் தெரு முழுக்க ஏரிக்குள் இருந்தது.

அந்த மேப்பை அப்படியே சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வீடுகளைப் பார்க்கவே இல்லை. ஒரு சாலைச் சந்திப்பைத் தொட்டு, "தாள்ல இருக்கிற ரோடும் படத்துல இருக்கிற ரோடும் சேரலையேம்மா. இந்தக் கோடு எந்த டேட்டத்துல இருக்கு?" என்று கேட்டார். எனக்கு உடம்பு சில்லிட்டது.

பழைய டோப்போஷீட்டுகள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் படமும் போனில் உள்ள ஜி.பி.எஸ்.-ம் பேசுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற இன்னொரு டேட்டத்தில். இரண்டிலும் பூமியின் அளவும் மையமும் கொஞ்சம் வேறு. ஆக, ஒரே எண் இரண்டிலும் ஒரே இடத்தைக் காட்டாது. தாளின் எண்களை அப்படியே டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று நான் கொடுத்ததால் எங்கள் பகுதி முழுவதும் தென்கிழக்காக 200 மீட்டருக்கும் மேல் நகர்ந்திருந்தது. திருத்தியதும் எங்கள் தெரு ஏரியிலிருந்து வெளியே வந்தது. எதிர்க்கரையில், அதுவரை வெளியே இருந்த ஒரு வரிசை வீடுகள் உள்ளே போயின.

அன்று ரொம்ப நேரம் அந்த இரண்டு மேப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். எத்தனையோ பேர் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய வீடுகள். ஒரு தவறான டேட்டத்தால் யார் வீட்டின்மேலும் அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கலாம். 1:50,000 தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். கால் மில்லிமீட்டர் பேனாக் கோடே பன்னிரண்டரை மீட்டர் அகலம். அப்புறம் நான் ஏரிக்கு ஒற்றைக் கோடு போடவே இல்லை. ஒரு பட்டையாக வரைந்தேன், இதற்குள் எங்கோ கரை இருந்தது என்று. சட்டப்படியான எல்லை வருவாய்த் துறையின் எஃப்.எம்.பி. எனும் புல அளவை வரைபடத்திலும் கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டிலும்தான் இருக்கிறது என்று தீசிஸில் தனிப் பத்தியே எழுதினேன்.

மூன்றாவது செமஸ்டரில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மின்சாரம் இல்லை. கேட்டில் தண்ணீர் தொட்ட உயரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் மணியும் எழுதி வைத்தேன். வெள்ளம் வடிந்த பிறகு சென்டினல்-1 ரேடார் படங்களை இறக்கினேன். ரேடார் மேகத்தை ஊடுருவும் என்பதால் மழைக்காலத்துக்கு அதுதான் கதி. ஆனால் அப்போது 12 நாளுக்கு ஒருமுறைதான் அதே பாதையில் வரும், வெள்ளம் அதற்காகக் காத்திருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. திறந்த வெளியில் தேங்கிய தண்ணீர் ரேடார் அலையை வேறு பக்கம் திருப்பிவிடும், அதனால் கறுப்பாகத் தெரியும். வீடுகள் நெருங்கிய தெருவிலோ அலை தண்ணீரில் பட்டு, சுவரில் பட்டு, நேராகத் திரும்பி வந்துவிடும். அங்கே வெள்ளம் இருந்தாலும் கறுப்பாகத் தெரியாது. சதுப்பு நிலம் அழகாகக் கறுத்திருந்தது. மடிப்பாக்கம் வெள்ளமே இல்லாத ஊர் போல இருந்தது. கேட்டில் சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது.

அதன் பிறகு மேப்பை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போக ஆரம்பித்தேன். கீழ்க்கட்டளை ஏரி நிறைந்து நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைக்கு, பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு. தண்ணீர் போகும் வழி இதுதான். இதை விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவிலிருந்து கம்ப்யூட்டரில் வரவழைக்கப் பார்த்தேன். அதில் ஒரு கட்டம் 30 மீட்டர், உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம், மரத்தின் தலையும் மாடியும் அதற்குத் தரைதான். எங்கள் பக்கத்துத் தட்டையான நிலத்தில் அதை வைத்து என்ன செய்வது? ஓடைகள் அபார்ட்மென்ட்டுகளின் நடுவே புகுந்து போயின.

நாராயணபுரம் கரையோரம் ஒரு பெரியவர் நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். குப்பையும் கருவேலமும் மூடியிருந்த ஒரு கல்வரிசையைக் கைத்தடியால் காட்டினார். "அது சும்மா கல்லு இல்ல பாப்பா. கலங்கல். ஏரி ரொம்பினா இங்கதான் வழிஞ்சி கழுவெளிக்குப் போவும்." சதுப்பு நிலத்தை அவர் ஒருமுறைகூடச் சதுப்பு நிலம் என்று சொல்லவில்லை, கழுவெளி என்றுதான் சொன்னார். எங்கள் பக்கம் கைவேலி என்றொரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போகிறேன். அது கழுவெளி தேய்ந்த பெயராகத்தான் இருக்கும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. செடியை விலக்கிப் பார்த்தேன். கல்லின் மேல்விளிம்பு தண்ணீர் ஓடி ஓடி வழவழவென்று தேய்ந்திருந்தது.

கலங்கலைப் புள்ளியாகக் குறித்து, அதன் வழியே ஓடையைக் கையால் வரைந்து, உயரத் தரவில் அந்தப் பாதையைத் தாழ்த்தி மறுபடியும் ஓட்டினேன். தண்ணீர் பள்ளிக்கரணைக்குப் போனது.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் புள்ளியில்தான் விரலை வைத்தார். டோப்போஷீட்டில் இல்லாத இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். போட்டோவைக் காட்டினேன், ஜி.பி.எஸ். அளவையும் அதன் துல்லியத்தையும் காட்டினேன். அட்டவணையில் தகவல் மூலம் என்ற கட்டத்தில், "ஏரிக்கரையில் குடியிருக்கும் பெரியவர், நேரில் கேட்டது, 2024 ஜனவரி" என்று எழுதியிருந்தேன். அதை இருமுறை படித்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.