அலை சொன்னதும் நாம் சொன்னதும்

பாறையில் துளைகள் எவ்வளவு பங்கு என்று காட்டும் துளைமை வரைபடத்தைத் திரையில் போட்டதும் எல்லோர் கண்ணும் சிவப்புத் திட்டுகளுக்குத்தான் ஓடும். எனக்கு அந்த நேரத்தில் ஒரே கேள்விதான்: இதில் நிலத்தடிக்கு அனுப்பித் திரும்பி வந்த ஒலி அலை சொன்னது எவ்வளவு, நாம் சொன்னது எவ்வளவு?

நார்வேயை ஒட்டிய வட கடலில் வோல்வே என்றொரு எண்ணெய் வயல். 2008 முதல் 2016 வரை எண்ணெய் எடுத்து முடித்த பின், 2018-ல் எக்வினோர் நிறுவனம் அதன் தரவுகளைப் பொதுவில் வைத்துவிட்டது. கற்றுக்கொள்ள வருகிறவர்களை நான் அனுப்புவது அங்கேதான். எண்ணெய் இருந்தது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், ஜுராசிக் காலத்து ஹூகின் மணற்கல்லில்.

கப்பலின் காற்றுத் துப்பாக்கி எழுப்பும் அலை, பாறை மாறும் இடங்களில் பட்டுத் திரும்புகிறது. அடர்த்தியை அலைவேகத்தால் பெருக்கி வரும் எண்ணை ஒலி மறிப்பு என்கிறோம். அது எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கே எதிரொலி பலமாக இருக்கும். துளை மிகுந்த மணற்கல்லில் வேகமும் அடர்த்தியும் குறைவு. ஆகவே மறிப்பைக் கணக்கிட்டால் துளைமையை ஊகிக்கலாம். (வாயு இருந்தால் கதையே வேறு. துளைகளில் சில சதவீதம் வாயு புகுந்தாலே வேகம் சரிந்துவிடும். அதன்பின் எவ்வளவு நிறைந்தாலும் பெரிதாக இறங்காது.)

சிக்கல் இங்கேதான். எதிரொலி மாற்றத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில், சில ஹெர்ட்ஸுக்குக் கீழே, நம் பதிவில் பயனுள்ளது அநேகமாக எதுவுமில்லை. அந்தப் பள்ளத்தைக் கிணற்று லாக்குகளை, அதாவது கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த அளவீடுகளை, வைத்து நாமே நிரப்புகிறோம். மேல் முனையிலும் நெருக்கடி உண்டு: 30 ஹெர்ட்ஸ் அலை, நொடிக்கு 3,000 மீட்டர் வேகம் என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, 25 மீட்டருக்கும் மெல்லிய அடுக்கின் மேலும் அடியும் ஒரே எதிரொலியாகக் கலந்துவிடும்.

ஒரு கிணற்றின் அளவீட்டை மறைத்துவைத்து, அங்குள்ள துளைமையை ஊகித்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. எனக்கு அது போதாது. அலைத் தரவே இல்லாமல், கிணறுகளை மட்டும் வைத்து இன்னொரு வரைபடம் போடச் சொல்வேன். மறைத்த கிணற்றில் அதுவும் அதே அளவு பொருந்தினால், அலை அங்கே எதுவும் கூட்டவில்லை. பிறகு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிஞ்சுவதை முதலில் பார்ப்பேன். அது பெரும்பாலும் திட்டுத்திட்டாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். மேலாளர்களுக்கு அறவே பிடிக்காது.