டிரம் சாண்டர் வாங்குவதற்கு முன்: அகலத்தைவிடச் சூட்டைப் பாருங்கள்

பலகையை உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கும் டிரம் சாண்டர் இயந்திரத்தை வாங்க நினைக்கும் தச்சர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அதன் அகலத்தைத்தான். 10 அங்குலம் போதுமா, 16 வேண்டுமா, கொஞ்சம் கூடுதலாகப் போட்டு 22 எடுத்துவிடலாமா என்று தொடங்கும் பேச்சு, விலையைக் கேட்டதும் முடிந்துவிடுகிறது. நாகர்கோவில் பக்கத்தில் மேசை, அலமாரி, கதவு என்று அளவாக வேலை எடுத்துச் செய்யும் சிறு பட்டறை என்னுடையது. இந்த இயந்திரத்தோடு பழகியவன் என்ற முறையில், அகலம் பற்றிய கேள்வியை நான் பின்னுக்குத் தள்ளுவேன். ஒரு டிரம் சாண்டரால் நாளொன்றுக்கு எவ்வளவு வேலை எடுக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது அதன் உருளையில் ஏறும் சூடு. மோட்டார், தூசி உறிஞ்சி, உப்புத்தாள், பலகை நகரும் வேகம் என எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் அது சூட்டில்தான் வந்து நிற்கும்.

இயந்திரம் எளிமையானது. அலுமினிய உருளை ஒன்றின்மீது 3 அங்குல அகலமுள்ள உப்புத்தாள் பட்டையைச் சுருளாகச் சுற்றி, இரு முனைகளிலும் கவ்வியால் பிடித்திருப்பார்கள். அதற்கடியில் ஓடும் சிறு கன்வேயர் பெல்ட் பலகையைச் சீராக உள்ளே இழுத்துச் செல்லும். சிறு பட்டறைக்கான இயந்திரங்களில் உருளையின் விட்டம் பெரும்பாலும் 5 அங்குலம். அப்படியானால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். நம் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றும் மோட்டாரோடு அது நேரடியாக இணைந்திருந்தால், உப்புத்தாளின் ஒவ்வொரு மணலும் வினாடிக்கு 24 முறை மரத்தில் உரசுகிறது. ஒரு முறை உரசிவிட்டு அடுத்த முறை வருவதற்குள் ஆறுவதற்கு அதற்கு அவகாசமே இல்லை. பிளைவுட் தொழிற்சாலைகளில் இருக்கும், அகலமான உப்புத்தாள் பெல்ட்டால் தேய்க்கும் வைட் பெல்ட் இயந்திரத்தில் பெல்ட்டின் நீளம் ஒன்றரை மீட்டருக்கும் மேல் இருப்பதால், அது காற்றில் ஆறிய பிறகே திரும்பி வருகிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றினாலும், ஒன்றிடம் எதிர்பார்ப்பதை மற்றதிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சூடு ஏறினால் என்ன நடக்கும் என்பதைத் தேக்கில் தெளிவாகப் பார்க்கலாம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. சூட்டில் அந்தப் பசை இளகி, மரத்தூளோடு சேர்ந்து மணல்களுக்கு இடையில் அப்பிக்கொள்ளும். மூடியைத் திறந்து உருளையைக் கையால் மெல்லச் சுற்றினால், பட்டையின் ஓரிடத்தில் விரல் நகம் அளவுக்குக் கறுத்து, கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு திட்டு தெரியும். அந்த இடம் இனி மரத்தை அறுக்காது. அழுத்தித் தேய்த்துக் கருக்கும். பலகையில் தலையிலிருந்து கால்வரை ஒரே நேர்கோட்டில் பழுப்புக் கோடு விழும். அந்தக் கோடு மேலோட்டமானதும் அல்ல; பாலிஷ் ஏறிய பிறகு இன்னும் எடுப்பாகத் தெரியும். கிரேப் ரப்பர்க் கட்டியை ஓடும் உருளையில் லேசாகப் பிடித்தால் புதிதாகப் படிந்த பிசின் வந்துவிடும். பளபளப்பாகக் கருகிய திட்டுக்கு அது போதாது, பட்டையை மாற்றத்தான் வேண்டும். பெட்டிகளில் வரும் பைன் மரத்தை மறுபடி பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். நன்றாக உலர்ந்த பலாவும் அயினியும் அந்த அளவுக்குப் படுத்துவதில்லை.

இனி மோட்டார். மரவேலை இயந்திரங்கள் செய்யும் ஜெட் நிறுவனத்தின் வரிசையை எடுத்துக்கொண்டால், 10 அங்குல இயந்திரத்தில் 1 குதிரைத்திறன், 16 அங்குலத்தில் ஒன்றரை, 22 அங்குலத்தில் ஒன்றேமுக்கால். கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அகலம் 6 அங்குலம் கூடுகிறது, மோட்டார் கால் குதிரைத்திறன்தான் கூடுகிறது. முழு அகலத்துக்கும் பலகை கொடுத்தால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கிடைக்கும் சக்தி பெரிய இயந்திரத்தில் குறைவு. ஆகவே அதிக அகலம் வாங்குகிறவர் அதிக வேகத்தையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. அவர் இன்னும் மெல்லிய வெட்டோடும் இன்னும் நிதானமாகவும் ஓட்ட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான இயந்திரங்கள் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அமைந்தவை. டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் வேகம் குறைந்து, சூடு கூடி ஓடும். சூட்டைக் குறைப்பதற்காக இவ்வளவு யோசிக்கும் ஓர் இயந்திரத்துக்கு மோட்டாரிலிருந்தே கூடுதல் சூட்டைச் சேர்ப்பது நல்லதல்ல. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பெயர்த்தகட்டில் அச்சிட்டிருப்பதை நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் சுமையில் ஓடும்போது 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும், 2 குதிரைத்திறன் தூசி உறிஞ்சியும் அதற்குக் குறையாது. இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டியவை என்பதால் ஆளுக்கொரு தனி லைன் போடச் சொல்லுங்கள். மாலை நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கும் ஊர்களில் அகலமான வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது மோட்டாருக்கு நல்லது.

அகலத்துக்கு இப்போது வரலாம். உருளையின் ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை திறந்திருக்கும் வகையில், 16 அங்குல இயந்திரத்தில் 32 அங்குலப் பலகையைத் திருப்பிப் போட்டு இரண்டு முறையாகத் தேய்க்கலாம். இரு முனையும் தாங்கப்பட்ட வகையில் அது முடியாது, ஆனால் உருளை அசையாது. திறந்த வகையின் பலவீனம் அந்தத் திறந்த முனைதான். ஆழமாக வெட்டினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு மேலே எழும்பி, பலகையின் ஒரு பக்கம் தடித்துவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே கனமுள்ள இரண்டு சட்டங்களைக் கன்வேயரின் இரு ஓரங்களிலும் வைத்து ஒன்றாக அனுப்பி, வெளியே வந்ததும் வெர்னியரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கன்வேயர் மேடையின் திருகுகளைக் கொண்டு சரிசெய்யும் வசதி அந்த இயந்திரத்தில் இருக்கிறதா, அதைப் பிரித்துப்போடாமலே செய்ய முடிகிறதா என்று கேளுங்கள். எனக்கு இந்த ஒரு வசதி, நான்கு அங்குல அகலத்தைவிடப் பெரியது.

இரண்டு முறையாகத் தேய்க்கும் அகலப் பலகையின் நடுவில் மெல்லிய வரம்பு விழாதிருக்க, திறந்த முனையை ஒரு காகித கனத்துக்கு உயர்த்தி வைக்க வேண்டும். கதவு வேலை செய்கிறவர்கள் 32 அங்குலம் என்ற கணக்கை நன்றாக யோசிக்க வேண்டும். இரண்டரை அடி அறைக்கதவு 30 அங்குலம், உள்ளே போகும். மூன்றடி முன்வாசல் கதவு 36 அங்குலம், போகாது. அதற்காக 22 அங்குல இயந்திரம் வாங்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. கூட்டிய கதவில் நெடுக்குச் சட்டமும் குறுக்குச் சட்டமும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால், எந்தப் பக்கமாகக் கொடுத்தாலும் ஏதோ ஒன்றில் நாருக்குக் குறுக்கே கீறல் விழும். அதைக் கையடக்கச் சாண்டரில்தான் எடுக்க வேண்டும். சட்டங்களையும் பலகைகளையும் கூட்டுவதற்கு முன்பே ஒரே கனத்துக்குத் தேய்த்து வைத்துக்கொள்வது மேல். அதற்கு 16 அங்குலம் தாராளம்.

வெட்டின் ஆழத்தை நம் தச்சர்கள் நூல் கணக்கில் நினைத்துக்கொண்டால் எளிது. அங்குலத்துக்கு எட்டு நூல். சில இயந்திரங்களில் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் உருளை அரை நூல் இறங்கும். 80 ஆம் எண் உப்புத்தாளில் (எண் கூடக்கூட மணல் நுண்ணியது) ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதாவது அரைக்கால் நூல்தான் உச்ச வரம்பு. மில்லிமீட்டரில் அது 0.4. அகலமான தேக்குப் பலகையில் அதில் பாதிதான் வைப்பேன். 120 ஆம் எண்ணுக்குப் போனால் எந்த மரமானாலும் அதைவிடக் குறைவு. ஆகவே முரட்டுப் பலகையைக் கனம் குறைப்பதற்கு டிரம் சாண்டர் ஏற்றதல்ல. அதைப் பிளேனரிலோ இழைப்புளியிலோ முடித்துவிட்டு, பிளேனர் சிதைக்கும் முடிச்சுகளுக்கும் பின்னிய நாருக்கும் மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டும். அந்த வேலையில் இதற்கு இணை கிடையாது. பலகையை நேராகக் கொடுக்காமல் சற்றுச் சாய்த்துக் கொடுத்தால் பட்டையின் தேய்மானம் பரவலாகும், கருகலும் குறையும். கடைசித் தடவை மட்டும் நேராகக் கொடுத்துக் கீறலை நாரோடு சேர்த்துவிடலாம்.

இரட்டை உருளை இயந்திரத்தை, ஒன்றில் 80, மற்றதில் 120 என்று போட்டு ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம் என்று சொல்லி விற்பார்கள். நாள் முழுக்க ஒரே மாதிரிப் பலகை ஓடும் இடத்தில் அது சரியாக இருக்கலாம். சிறு பட்டறையில் இரண்டு உருளைகளையும் ஒன்றுக்கொன்று மட்டம் பிடிப்பதே தனி வேலையாகிவிடும். அதைவிட, சுமை கூடும்போது கன்வேயரின் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் வசதிக்குப் பணம் கொடுப்பது பயனுள்ளது. பலகையின் அகலமான பகுதி வந்ததும் மோட்டார் முனகாமல் வேகம் தணிகிறது, கருகலும் தவிர்கிறது. நடுவில் கன்வேயர் நின்றுவிட்டால் பலகையில் குழி விழும் என்பதால், வேகம் குறைவது வேறு, நிற்பது வேறு என்பதையும் கவனிக்க வேண்டும்.

தூசி உறிஞ்சி இல்லாமல் இந்த இயந்திரத்தை ஓட்டவே கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. டிரம் சாண்டரிலிருந்து வருவது இழைப்புச் சுருள் அல்ல. மூக்குக்குள் நேராகப் போகும் மாவு. பொதுவாக 4 அங்குலக் குழாய்வாய் இருக்கும், அதில் நிமிடத்துக்குச் சுமார் 600 கன அடி காற்றை இழுக்கும் உறிஞ்சி வேண்டும். வீட்டு வேக்கும் கிளீனர் இதற்கு எந்த வகையிலும் போதாது. அந்தக் காற்றோட்டமே தூளை உருளையிலிருந்து அகற்றிப் பட்டை அடைபடாமல் காக்கிறது என்பதால், உறிஞ்சிக்குச் செலவிடும் பணம் நுரையீரலுக்கும் உப்புத்தாளுக்கும் சேர்த்துத்தான். உறிஞ்சி இருந்தாலும் முகக்கவசத்தை விட வேண்டாம். கையில் இருக்கும் தொகை சாண்டருக்கும் உறிஞ்சிக்கும் சேர்த்துப் போதவில்லை என்றால் சாண்டரைத் தள்ளிப்போடுங்கள். அதுவரை அகலப் பலகைகளை வைட் பெல்ட் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

பட்டைகளைப் பொறுத்தவரை, குமரி மாவட்டத்தில் இரண்டு மழையும் பெய்வதால் துணி முதுகுள்ள பட்டைகளையே வாங்குகிறேன். காகித முதுகு ஈரத்தில் நெகிழ்ந்து, ஓட்டத்தில் தளர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிழியும். 3 அங்குல உப்புத்தாள் உருட்டாகவே கிடைக்கும். பழைய பட்டையை அச்சாக வைத்து இரு முனைகளையும் சாய்வாக வெட்டிக்கொண்டால், நிறுவனத்தின் அளவுப் பட்டைகளைவிடச் செலவு குறையும்.

கடையில் சோதிக்கப் போகும்போது உங்கள் பட்டறையில் நீங்கள் அதிகம் கையாளும் மரத்தில், அந்த இயந்திரத்தின் முழு அகலத்துக்கும் பொருந்தும் பலகையை எடுத்துச் செல்லுங்கள். அதன்மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கி அனுப்புங்கள். கிறுக்கல் எங்கெல்லாம் மிச்சமிருக்கிறதோ அங்கெல்லாம் உருளை தொடவில்லை என்று பொருள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் ஒரே ஓரத்தில் கோடு நின்றால் மட்டம் சரியில்லை. பலகையின் இரு முனைகளிலும் பள்ளம் விழுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே தள்ளும் பக்கமும் வெளியே வாங்கும் பக்கமும் தாங்குமேசை இருந்தால் அந்தப் பள்ளம் பெருமளவு குறையும். மேசையையும் சேர்த்து விலை பேசுங்கள். அதற்கு முன் பட்டறையில் இடத்தை அளந்துவிடுங்கள். ஏழடிப் பலகை ஓட வேண்டுமானால் இயந்திரத்தின் முன்னும் பின்னும் ஏழேழு அடி வேண்டும், இயந்திரம் நிற்கும் இடம் தனி. அவ்வளவு நீளம் இல்லாதவர்கள் சக்கரமுள்ள தாங்கியில் ஏற்றி, பலகை வாசல் வழியாக வெளியே போகும்படி நிறுத்தலாம்.