ஈப்பர் நகரின் அடக்கச் செலவுக் கணக்கு

வட ஐரோப்பாவைப் பெரும் பஞ்சம் வாட்டிய 1316ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை, இன்றைய பெல்ஜியத்தில் பிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த ஈப்பர் நகரம் 2,794 பேரைத் தன் செலவில் அடக்கம் செய்தது. புதைத்தவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்ததால்தான் இந்த எண்ணிக்கை நகரின் கணக்கில் ஏறியது. உற்றார் பொறுப்பேற்று அடக்கம் செய்தவர்கள் இதில் சேரவில்லை. அப்படியிருந்தும் இது மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

1315 வசந்தத்தில் தொடங்கிய மழை கோடை முழுவதும் வட ஐரோப்பாவில் ஓயவில்லை. விதைத்ததற்கு மூன்று அல்லது நான்கு மடங்கு விளைந்தாலே நல்ல மகசூல் எனக் கருதப்பட்ட காலம் அது. அதில் ஒரு பங்கை அடுத்த விதைப்புக்கு ஒதுக்கியாக வேண்டும் என்பதால், மகசூல் இரண்டு மடங்காகச் சரிந்த இடங்களில் உண்பதற்கு எஞ்சியது வழக்கத்தில் பாதியோ அதற்கும் குறைவோதான். வெயில் இல்லாமல் உப்பும் அரிதானது. உப்பின்றி இறைச்சியையும் மீனையும் பதப்படுத்தி வைக்க இயலவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் செயின்ட் ஆல்பன்ஸில் தங்கிய இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வர்டின் பரிவாரத்துக்கே ரொட்டி கிடைப்பது கடினமாக இருந்ததாம்.

ஈப்பர் கம்பளித் துணி நெசவால் வளர்ந்த ஊர். நிலமில்லாமல் அன்றாடக் கூலியில் வாழ்ந்த நெசவாளருக்கும் துணி வெளுப்போருக்கும் பஞ்சம் இரு பக்கமும் வெட்டியது: ரொட்டி விலை ஏறியது, விலை ஏறியதால் துணி வாங்குவோர் குறைந்து வேலையும் போயிற்று. போதாக்குறைக்கு, கடலோரம் இல்லாத நகரமான ஈப்பர் பிரான்சின் வடபகுதித் தானியத்தை நம்பியிருந்தது. அந்நாட்டு அரசர் பத்தாம் லூயியோ 1315இல் பிளாண்டர்ஸ் மீது படையெடுத்திருந்தார். அவருடைய படை சேற்றில் சிக்கித் திரும்பியது வேறு கதை.

ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்த புரூஜ் நகரிலும் அதே மழைதான் பெய்தது. அங்கு ஏறக்குறைய அதே மாதங்களில் நகரச் செலவில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் 1,938 பேர். பெரிய நகரமாதலால் இது இருபதில் ஒரு பங்கு அளவே. இந்த வேறுபாட்டுக்குக் கடல்வழியே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. தெற்கு ஐரோப்பிய வணிகர்களின் கப்பல்கள் புரூஜுக்கு வந்து போய்க்கொண்டிருந்தன. நகர நிர்வாகமே அவர்களிடம் தானியம் வாங்கி, ரொட்டி சுடுவோருக்கு இலாபம் பாராமல் விற்றது. ஆனால் இதற்குக் கையில் பணமும் அருகில் துறைமுகமும் வேண்டும். ஈப்பர் நிர்வாகிகள் எவ்வளவு அக்கறை கொண்டிருந்தாலும் துறைமுகத்தை உண்டாக்கியிருக்க முடியாது.

இங்கிலாந்தில் வேறு வழி பார்த்தார்கள். கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் உச்சவரம்பு விலை விதித்து 1315இல் ஆணை பிறந்தது. விற்பவர்கள் சந்தைக்குச் சரக்கைக் கொண்டுவருவதையே நிறுத்திவிட, மறு ஆண்டே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.