கெட்டுப்போன துண்டுகளின் பெட்டி

மரவேலையில் கெட்டுப்போன துண்டை அடுப்புக்கு அனுப்பிவிட்டு அடுத்த பலகையை எடுப்பதுதான் பழகுபவர்களின் வழக்கம். நான் அவற்றில் தேதி எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறேன். ஒரே பிழை ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் கருவியைச் சந்தேகிக்கலாம். இடத்துக்கு இடம் மாறினால் கையையும் நிற்கும் நிலையையும் கவனிக்க வேண்டும்.

ரம்பம் எப்போதும் கோட்டின் வலப்புறமே விலகுகிறது என்றால், இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வளைக்கப்பட்ட பற்களில் வலப்பக்கத்தவை சற்று அதிகமாக வெளியே நிற்கின்றன என்று கொள்ளலாம். ரம்பத்தைப் படுக்கவைத்து அந்தப் பக்கத்துப் பற்களின் மேல் நைசான சாணைக்கல்லை ஒருமுறை லேசாக இழுத்து, வேறொரு துண்டில் அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பலகையைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி, மரத்தின் நாரைப் பெயர்த்தெடுப்பது இன்னும் சிக்கலானது. பலகையின் பக்கவாட்டைப் பார்த்து, நார்கள் மேலேறும் திசையிலேயே இழைக்க வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் வேங்கை மரத்தில் நார்களின் சாய்வு பட்டை பட்டையாகத் திசை மாறுவதால், பலகையைத் திருப்பிப் போட்டாலும் ஒரு பட்டை சரியாகி அடுத்தது பெயரும். அங்கே தீட்டிய அலகும் மிக மெல்லிய சீவலும்தான் கைகொடுக்கும். தேக்கில் உள்ள சிலிக்கா அலகை விரைவில் மழுக்கிவிடும் என்பதால், முதலில் வழவழப்பாக வந்த பலகை போகப்போகச் சொரசொரப்பானால் திசையைக் குறைசொல்வதற்கு முன் அலகைத் தீட்டிப் பார்ப்பது நல்லது.

இணைப்பில் விழுந்த இடைவெளியை மரத்தூளும் பசையும் கலந்து அடைப்பதை வீட்டு மேசைக்கு நான் குறைசொல்ல மாட்டேன். பழகும் துண்டில் மட்டும் அது கூடாது, தடயமே அழிந்துவிடும்.

மாதங்கள் கழித்தே தெரியும் பிழைகளுக்குப் பெட்டி உதவாது. பச்சைத் தேக்கு முழுதும் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறக்குறைய 5.8 சதவீதமும், அவற்றுக்குக் குறுக்கே 2.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். உலர்ந்த பலகையும் மழைக்காலத்தில் சற்று அகன்று கோடையில் ஒடுங்கும். ஆகவே மேசைப் பலகையைச் சட்டத்தோடு அசையாமல் திருகிவிட்டால் அது வெடிக்கக்கூடும். சட்டத்தில், பலகையின் அகலவாக்கில் நீண்ட துளையிட்டுத் திருகினால் அது நகர இடம் கிடைக்கும்.