அம்மா அழவில்லை

இன்று காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேருந்துக்காக நின்றபோது, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்த பூக்காரம்மா, "ஏம்மா அழுவுறீங்க?" என்று கேட்டார்.

அம்மா அழவில்லை. பல்லாண்டுகளாகக் கண்ணில் விட்டுவரும் சொட்டு மருந்தால் வழியும் நீர் அது.

மூக்கையொட்டிய இமை விளிம்பில் உள்ள ஊசிமுனையளவு துளைகள் வழியாகத்தான் கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிறது. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்காக டிமோலால் போன்ற சொட்டு மருந்துகளைப் பல்லாண்டுகள் விடுபவர்களில் சிலருக்கு, மருந்தாலோ அது கெடாமலிருக்க அதில் கலந்த பென்சல்கோனியம் குளோரைடு போன்ற பதப்பொருளாலோ அத்துளைகளும் அவற்றையடுத்த நுண்குழாய்களும் அழற்சியுற்றுச் சுருங்கிவிடுவதால், கண்ணீர் கன்னத்தில் வழிகிறது.

அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இந்நோயில் இழந்த பார்வை திரும்புவதில்லை. மருத்துவரிடம் சொன்னால், பதப்பொருள் கலக்காத மருந்துக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார்.

முதியவர்களோ, வயதானால் வருவதுதானே என்று நினைத்து, மருத்துவரிடம் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.