பெங்களூரில் ஒரு எம்ஜி டிடி வாங்கியது

நான் தேடியது எம்ஜி டிடி. இங்கிலாந்தில் ஆபிங்டன் ஆலையில் 1950 முதல் 1953 வரை செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். மொத்தம் 29,664 வண்டிகள் வெளிவந்தன. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. நம் ஊரில் மிஞ்சியது கொஞ்சம்தான். அதிலும் எழுபது வருடமாக யார் யாரோ கை வைத்திருப்பார்கள். ஆலையில் பூட்டியது எது, இங்கே மாட்டியது எது என்று பிரித்துப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

துணைக்கு அல்சூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டேன். பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலேயே வளர்ந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்.

முதலில் பார்த்தது இந்திரா நகரில் ஒரு சிவப்பு வண்டி. ஆர்.சி.யில் 1951 மாடல். கம்பி வீல், வெள்ளை வரி டயர், கண்ணாடி மாதிரி பெயின்ட். படம் எடுத்தால் அப்படியே மாட்டி வைக்கலாம். ஆனால் டிடிக்கு ஆலையில் கம்பி வீல் கொடுக்கவே இல்லை, தகட்டு வீல்தான். அதற்கு முந்தைய மாடலான டிசியில் கம்பி வீல் உண்டு, அடுத்து வந்த மாடலான டிஎஃப்பில் கேட்டால் கொடுத்தார்கள். பின்விளக்குகளும் வட்டமாக இருந்தன. வட்ட விளக்கு கடைசிக் கட்ட டிடிக்கு வந்தது, 1951 வண்டிக்கு அல்ல. இதெல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள், இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலையில் கழித்துக்கொண்டால் போதும்.

இன்ஜின்தான் விஷயம். டிடியின் பானெட் நடுவில் கீல் வைத்து இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திறக்கும். அண்ணன் வலது பக்கத்தைத் தூக்கினார். அங்கே இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் இருக்கவேண்டும். இருந்தது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். இடது பக்கம் திறந்தால் கார்புரேட்டர் அங்கே உட்கார்ந்திருக்கிறது. "அம்பாசிடர் இன்ஜின், தம்பி" என்று பானெட்டை மூடிவிட்டார். விற்பவர் விடவில்லை. "இதுவும் எம்ஜி இன்ஜின்தான் சார், எம்ஜிஏ-வில் வந்தது" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 1955-ல் வந்த எம்ஜிஏ-வில் அம்பாசிடரின் அதே குடும்பத்து 1489 சிசி இன்ஜின் உண்டு. டிடியில் வந்தது 1250 சிசி எக்ஸ்பிஏஜி. இரண்டும் வேறு வேறு இன்ஜின்கள். ஆர்.சி.யில் எக்ஸ்பிஏஜி என்று ஆரம்பிக்கும் எண், வண்டியில் வேறு எண். அசல் இன்ஜின் எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிய வேண்டுமானால் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. இன்ஜின் மாறிய வண்டியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நிற்க நான் தயாராக இல்லை.

அப்புறம் குக் டவுனில் ஒரு பழைய வீட்டு ஷெட்டில் இன்னொரு டிடி இருப்பதாகத் தகவல் வந்தது. மங்கிப்போன பச்சை, நாலு டயரும் தரையோடு. இன்ஜின் ஜாம். அந்த வீட்டு அம்மா, "ஓடாத வண்டிப்பா, பார்த்துக்கோ" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தகட்டு வீல், சதுரப் பின்விளக்கு, வலது பக்கம் கார்புரேட்டர். எனக்கு நெஞ்சு படபடத்தது.

சேஸிஸின் முன்கொம்பில் எண் பொறித்திருப்பார்கள். மேலே பல அடுக்கு பெயின்ட். அண்ணன் தின்னர் நனைத்த துணியை அதன்மேல் ஊறவைத்து, நகத்தாலேயே சுரண்டினார். எமரி பேப்பர் போட்டால் எண்ணே தேய்ந்துவிடும் என்றார். எழுத்து தெரிந்ததும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுத்தோம். பானெட்டுக்குள் இருந்த தகட்டோடும் ஆர்.சி.யோடும் அது ஒத்துப்போனது. இன்ஜினில் எண் உள்ள எண்கோணப் பித்தளைத் தகடும் ரிவெட்டோடு அப்படியே இருந்தது.

இந்த இன்ஜினில் போல்ட்டுகளையும் பார்க்கவேண்டும். 1923-ல் மோரிஸ் கம்பெனி கோவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் இன்ஜின் ஆலையை வாங்கியது. அங்கிருந்தவை மெட்ரிக் மெஷின்கள். அந்த வழியில் வந்ததால் எக்ஸ்பிஏஜியில் மரை மெட்ரிக், போல்ட்டின் தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்பானர் அளவு. விவரம் தெரியாதவர்கள் கையில் கிடைத்த போல்ட்டை முறுக்கி மரையைக் கெடுத்துவிடுவார்கள். அண்ணன் தன் பழைய ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன.

பாடியின் தகட்டுக்கு உள்ளே ஆஷ் மரச் சட்டம் இருக்கும். டிடியின் கதவுக்குக் கீல் பின்பக்கம். கதவைத் திறந்து முன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால், மரம் உளுத்திருந்தால் கதவு ஆடும். இதில் இடது கதவு ஆடியது. அந்தப் பக்கத் தூண் தேக்கில் மாற்றப்பட்டு, அதுவும் விரிசல் விட்டிருந்தது. தேக்கு போட்டதை நான் குறையாக நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் இங்கே கிடைத்த நல்ல மரத்தை ஒரு ஆசாரி அளவெடுத்து இழைத்திருக்கிறார், அந்த வேலைக்கு மரியாதை உண்டு. காந்தம் வைத்துப் பார்த்ததில் மட்கார்டு ஒன்றில் பட்டி கனமாக இருந்தது, மற்ற இடம் தகடுதான். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் பச்சைக்குக் கீழே ஐவரி நிறம்.

பளபளவென்று ஓடுகிற சிவப்பு வண்டியை விட்டுவிட்டு ஓடாத இதை வாங்கியதற்கு வீட்டில் கேள்வி வந்தது. பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், அதே எண்ணுள்ள இன்ஜினை எங்கே போய்த் தேடுவது?

ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. அடுத்தது வின்டேஜ் பதிவு. 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும், புதிதாகப் பதிந்தால் நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும். இன்ஜின் இப்போது அண்ணன் மேசையில் பிரிந்து கிடக்கிறது. பிஸ்டன்கள் வெளியே வந்துவிட்டன, பிளாக்கில் விரிசல் இல்லை.